ஒரு விழுக்காடு

அகரஞ்சேரிக்குப் போகும் வழியில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம்,
துலுக்காணத்தின் கரும்புக் கொல்லையில்
நாலு இரும்புச் சட்டம் புதைத்திருக்கிறேன்.
செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதுக்கு
அவற்றின் மேல் பெட்டியைக் கவிழ்த்து
விளிம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றடைத்து
கடிகாரம் பார்த்து உட்காருவேன்.
கால் மணிக்கொரு ஊசி.
உறிஞ்சியதைக் கட்டைவிரல் அளவுக் குப்பியில் ஏற்றி
எண் எழுதி ஒட்ட வேண்டும்.

"இன்னாம்மா, காத்தப் புடிச்சினு போறே.
அதுக்கு ஒரு கூலி, அதுக்கு ஒரு ஜீப்பு."
முதல் மாதம் அப்படித்தான் சிரித்தார்.
நீங்க போட்ட யூரியாதான் பறக்குது, அதைத்தான் பிடிக்கிறேன்
என்றதும் சிரிப்பு நின்றது.
"எம்மாம் பறக்குது?"

டெல்லியிலும் இதையே கேட்கிறார்கள்,
கொஞ்சம் நல்ல தமிழில்லாமல்.
அங்கே ஓர் அட்டவணை உண்டு.
நாடு முழுக்கக் கொட்டிய தழைச்சத்தைக் கூட்டி
நூறால் வகுப்பார்கள்.
கரிசல், செம்மண், பாலாற்று வண்டல்
எல்லாம் அதில் ஒரே மண்.
மூட்டைக்கு இருநூறு கிராம், துலுக்காணம்,
பஸ் ஸ்டாண்டில் விற்கிற வேர்க்கடலைப் பொட்டலம் ரெண்டு.
"அவ்ளோதானா" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டார்
ஏதோ ஏமாந்த மாதிரி.

அவரிடமும் ஓர் அட்டவணை இருந்தது.
மோட்டார் ரூம் உள்சுவரில், கரியால்.
78 – 2
79 – 2
81 – 3
ஏக்கருக்கு இத்தனை மூட்டை. கடனுக்கு வாங்கியதைச் சுற்றி வட்டம்.
வெள்ளம் வந்த வருஷம் வெறும் கோடு.
நடுவில் ஆறேழு வருஷம் காணோம்,
தேர்தலுக்கு எவனோ தவறிப்போய் உள்ளேயும் சுண்ணாம்படித்துவிட்டான்.
அதற்கப்புறம் ஐந்து, ஆறு,
கடைசியில் எட்டு.
கரும்பின் எடை மட்டும் ஆறிலேயே நின்றுவிட்டதாம்.

காணாத வருடங்களை
முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கொண்டு நிரப்புக
என்கிறது எங்கள் கையேடு.
சுவரைப் பார்த்துச் சொன்னேன்.
"அந்த வருசம்லாம் நான் இன்னா போட்டேன்னு
உனுக்கு இன்னா தெரியும்" என்றார்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை
ராத்திரி பதினொன்றுக்குப் போன்.
"மூணு மூட்டை வெச்சினு கீறேன் காலைல.
இப்ப மழை புடிச்சிக்கிச்சி. உன் பொட்டி வேணாமா?"
செவ்வாய்தான் என் முறை. இருந்தும் போனேன்,
அமீன்பாஷா வைதுகொண்டே ஜீப்பை எடுத்தார்.
துலுக்காணம் டார்ச் பிடிக்க
சேற்றில் முழங்காலிட்டு நாலு பெட்டி, பதினாறு குப்பி.
மண் ஒன்றும் சொல்லவில்லை.
வாசனை கிடையாது, நிறம் கிடையாது,
தவளைகள் மட்டும்.

ஆய்வகத்தில் அந்தக் கோடு
தாளின் மேல் விளிம்பை முட்டி நின்றது.
பத்து வாரம் பகலில் பிடித்ததெல்லாம் சேர்த்தும்
அந்த ஓர் இரவுக்கு எட்டவில்லை.
அனுப்பினேன். பதில் வந்தது:
அட்டவணை நாளுக்கு வெளியே எடுத்த மாதிரி, நீக்கவும்.

இந்த வாயு எனக்குப் பழக்கம்தான்.
இரண்டாவது பிரசவத்தில், வேலூர் ஆஸ்பத்திரியில்,
மூக்கில் வைத்து இழுத்து விடச் சொன்னார்கள்.
வலி இருந்தது.
அது என்னுடையது என்பது மட்டும் கொஞ்ச நேரம் விலகிப்போனது.
சிரித்தேனாம். நர்ஸ் ஜெபராணி அப்புறம் சொன்னாள்.
நான் வெளியே விட்ட அந்த மூச்சு
இன்னும் மேலேதான் இருக்கும்,
எழுபத்தெட்டின் ரெண்டு மூட்டையோடு.
நூறு வருஷம் தாண்டும் என்கிறார்கள் கலைவதற்கு.
அன்று பிறந்தவள் இப்போது ஏழாவது படிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை போனபோது
எட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.
"அன்னிக்கி ராத்திரி எம்மாம்? சொல்லு, எழுதிக்கறேன்."
சொன்னேன். எழுதினார்.
பிறகு கரித்துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே,
"மழைக்கு மின்னாடி வெக்காதேன்னு
இத்தினி வருசமா ஒருத்தனும் சொல்லலியே" என்றார்.
மணி ஒன்பது.
நான் பெட்டியைக் கவிழ்த்தேன்.